சரளை மேட்டில் தண்ணீர் பிரியும் இடம்

அறையில் இருக்கும் ஒருவர் எழுந்து வெளியே போனால் போதும். அடுத்த நிமிஷம் அவருக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிடுவார். எங்கள் பாசன அலுவலகத்து உதவி இன்ஜினியர்தான் அந்த வக்கீல். கட்டணம் கிடையாது. தனக்காக ஒருவர் வாதாடினார் என்பதே கட்சிக்காரருக்குத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அவருக்குக் கீழே நான் வரைவாளனாக வேலை பார்த்தேன். ஏரி, மதகு, கால்வாய் எது பழுதானாலும் அவர் போய் அளந்து வருவார்; அதை நான் படமாக வரைவேன். தேரடிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம் அவருடையது. கடைக்குப் போகாமல் படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். குள்ளம். நடப்பதே ஓட்டம் போல இருக்கும். சட்டையின் இரண்டு பைகளிலும் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். பேசும்போது உரித்துக்கொண்டே இருப்பார். உரித்த பருப்பைத் தாம் தின்னாமல் எதிராளியின் கையில் வைப்பார். வாதம் நீண்டால் நம் கை நிறைந்துவிடும். அவரிடம் தோற்றவர்கள் எல்லோரும் மென்றுகொண்டேதான் தோற்றார்கள்.

நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ் டிரைவரை டீக்கடையில் நாங்கள் திட்டினால், "அவன் வண்டி பிரேக்கு எப்பிடி இருக்குன்னு நமக்குத் தெரியுமா?" என்பார். மேலதிகாரியைப் பற்றிப் பொருமினால் மேலதிகாரி கட்சி. அதே மேலதிகாரி எங்களைக் குறை சொன்னால் எங்கள் கட்சி. யாரிடமும் நல்ல பெயர் வாங்க இதைவிட மோசமான வழி இருக்க முடியாது. ஆறு வருஷத்தில் அவர் அலுவலகத்தில் ஒரு நண்பரைக்கூட முழுசாகச் சம்பாதிக்கவில்லை.

ஒருமுறை அவரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். என் அம்மா ஊருக்குப் போயிருந்த சமயம். எதில் உப்புப் போட்டாலும் மாமியார் குறை சொல்கிறார் என்று என் மனைவி பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். சோற்றில் கை வைத்தபடியே அவர் நிமிர்ந்தார்.

"ஏம்மா, அவங்களுக்கு வயசு ஜாஸ்தி, நாக்குல ருசி கம்மி. அவங்களா வேணும்னு சொல்றாங்க? இப்ப அவங்க இங்க இல்லையே, அவங்க பக்கத்த யாரு சொல்றது?"

ரசம் ஆறிப்போய்த்தான் வந்தது. சில மாதம் கழித்து மறுபடி வந்தார். அப்போது அம்மா இருந்தாள், மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா மருமகளைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். அவர் மருமகள் கட்சிக்குப் போய் அரைமணி நேரம் திரும்பி வரவில்லை. "இனிமே அந்த ஆள இட்டுக்கினு வராத" என்றாள் அம்மா. என் மனைவியும் முன்பு அதையேதான் சொல்லியிருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அந்தச் சமயத்தில்தான் சரளைக் குவாரி விண்ணப்பம் வந்தது.

அடி அண்ணாமலைக்கு அப்பால் ஒரு நீள மேடு உண்டு. செம்மண்ணும் பொடிக்கல்லும் கலந்த மேடு. ரோடு போட அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைவிட நல்ல சரளை கிடையாது. மேட்டின் கிழக்கு அடிவாரத்தில் ஒரு கால்வாய். மழைத் தண்ணீரை அது ஊர் ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏரி நிறைந்தால்தான் ஊரில் நெல் நடவு. ரோடு காண்ட்ராக்ட் எடுத்தவர் அந்த மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டிருந்தார். தோண்டினால் கால்வாய்க்குப் பாதிப்பு உண்டா என்று எங்கள் அலுவலகம் கருத்துச் சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள் சொல்லாவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தோடு வந்த வரைபடம் சுத்தமாக இருந்தது. குழியின் எல்லை ஒரு பக்கம், கால்வாய் ஒரு பக்கம், நடுவில் தாராளமான இடைவெளி. "கால்வாயைத் தொடவே இல்லையே சார்" என்றேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் வரைஞ்சிருக்கான். மழைய எங்க வரைஞ்சிருக்கான்?"

முதலில் ஊருக்குப் போனோம். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. அதிகம் பேசியவள் கன்னியம்மா. நாற்பது வயது இருக்கும்; புருஷன் இறந்த பிறகு தனியாகப் பயிர் வைப்பவள். ஏரித் தண்ணீர் கடைசியாகப் பாய்வது அவள் நிலத்துக்கு. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வதும் அவள் நிலம்தான்.

"மேட்ட நோண்டினா மழத்தண்ணி குழியில நிக்கும். கால்வாய்க்கு இன்னா வரும்? காத்துதான் வரும்" என்றாள் கன்னியம்மா.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அவரோ கடலை உரிக்க ஆரம்பித்தார்.

"காண்ட்ராக்டரு இங்க இல்ல. அதனால அவரு சார்பா நான் கேக்கறேன். ரோடு வேணும்னு மனு குடுத்தது யாரு?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "நாங்கதான்" என்றார் ஒருவர், மெதுவாக.

"ரோட்ட எதுல போடறது? பொரியிலயா?"

"இன்னா சார், அவன் வூட்டு பிரியாணி அவ்ளோ ருசியா?" என்றாள் கன்னியம்மா. மரத்தடியே சிரித்தது.

"இன்னும் கூப்புடலம்மா. கூப்புட்டா உனக்கும் ஒரு எல போடச் சொல்றேன்" என்று அவள் கையில் பருப்பை வைத்தார். அவள் அதை வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே அவரை மேலும் கொஞ்சம் திட்டினாள்.

மறுநாள் காண்ட்ராக்டர் கூப்பிடத்தான் செய்தார். பிரியாணி இல்லை, காப்பிதான். அவரும் அவருடைய மேனேஜர் தனபாலும் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் எது வந்தாலும் எதிர்ப்பார்கள் என்றார் காண்ட்ராக்டர்.

"அங்க கன்னியம்மான்னு ஒரு அம்மா. கடைசி நெலம். அவங்க இங்க இல்ல, அதனால சொல்றேன்" என்று இவர் ஆரம்பித்தார். குழியில் தண்ணீர் நிற்கும் கணக்கை, முந்தின நாள் கன்னியம்மா சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். காண்ட்ராக்டர் கையில் பருப்புச் சேர்ந்தது, முகம் சுருங்கியது. "நீங்க எந்த ஆபீசுக்கு சார் வேல செய்றீங்க?" என்றார்.

ஒரே வாரத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் வந்தது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். "காண்ட்ராக்டர் உங்கள ஊர்க்காரங்க ஆளுங்கறாரு. ஊர்க்காரங்க உங்கள காண்ட்ராக்டர் ஆளுங்கறாங்க. என்னய்யா நடக்குது?"

"அப்ப வேல சரியாத்தான் நடக்குது சார்."

பிறகு எல்லோரையும் வைத்துக் கால்வாயை நேரில் பார்க்கும் நாள் வந்தது. நாங்களும் தனபாலும் ஜீப்பில் போய் இறங்கினோம்.

கால்வாயை ஊரே சேர்ந்து சுத்தம் செய்திருந்தது. புதர் இல்லை, கோரை இல்லை, படிந்த வண்டல் இல்லை. கரைகளைப் பளபளவென்று செதுக்கி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூளில் நேர்க்கோடு இழுத்து, மதகுக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அமைச்சர் வந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டார்கள். சோடா வேறு உடைத்து நீட்டினார்கள்.

தனபால் ஒரு முறை இந்தக் கோடி, ஒரு முறை அந்தக் கோடி பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சார், இது போன வாரம் வெட்டின பள்ளம். மம்முட்டி வெட்டு இன்னும் ஈரமா இருக்கு பாருங்க. இங்க கால்வாயே கெடையாது!"

இன்ஜினியர் கால்வாய்க்குள் இறங்கிப் பார்த்தார். கன்னியம்மாவைப் பார்த்தார். "யாரும்மா இதச் செய்யச் சொன்னது?"

"ஆபீசருங்க வர்ற எடம். பொதரு மண்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"பொதரு மண்டிக் கெடந்தா இது கால்வா. எத்தினி வருஷமா தண்ணி ஓடிச்சின்னு அந்த வண்டலப் பாத்தே நான் எழுதியிருப்பேன். அந்த வண்டல் எங்க?"

"அது நல்ல மண்ணாச்சே சார். வண்டி வண்டியா எங்க கழனில கொட்டிக்கினோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நடந்தது என்ன என்பது மெல்லப் புரிந்து, ஊர்க்காரர்கள் முகம் செத்துப்போனது. தனபாலோ கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நின்றார்.

"சரி" என்று கரையேறினார் இன்ஜினியர். "காய்ஞ்ச கால்வாயப் பாத்து நான் எழுதப் போறதில்ல. தண்ணி வரட்டும். மலை மேல மேகம் கட்டினா எல்லாரும் இந்த மேட்டுக்கு வந்துடுங்க. நான் கூப்புட மாட்டேன், மழைதான் கூப்புடும். தனபால், நீங்களும் வரணும். வரும்போது ஆளுக்கு ஒரு கட்டு நொச்சிக் குச்சி."

ஆவணி மாதம். மாத முடிவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மேலதிகாரி தினமும் கருத்து எங்கே என்றார். நான் தினமும் ஜன்னல் வழியே அண்ணாமலையின் உச்சியைப் பார்த்தேன். மேகம் வந்தது, வேடிக்கை பார்த்தது, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போய்ப் பெய்தது. எட்டு நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். சோற்றின் மேல் இருட்டு விழுந்தது. நிமிர்ந்தேன். மலையைக் காணோம்!

"வாய்யா!" என்று கத்திக்கொண்டு அவர் படியிறங்கி ஓடினார். கை கழுவக்கூட விடவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது முதல் தூறல் விழுந்தது. ஏற்கெனவே பாதி ஊர் மேட்டில் நின்றது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னியம்மா, தலையில் குச்சிக் கட்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து தனபாலின் மோட்டார் சைக்கிள் சறுக்கிச் சறுக்கி ஏறியது. அப்புறம் வானம் கொட்டியது. அப்படி ஒரு மழை! என் குடை ஒரே காற்றில் பூப்போல் விரிந்து போயிற்று.

"மேட்டு முதுகுல நில்லுங்க!" என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். "தண்ணி எங்க ரெண்டாப் பிரியுதோ அங்க குச்சி! கெழக்கால ஒண்ணு, மேற்கால ஒண்ணு, நடுவுல குச்சி!"

வடக்குக் கோடியிலிருந்து கன்னியம்மா கூட்டம் நட்டுக்கொண்டு வந்தது. தெற்குக் கோடியிலிருந்து தனபால். காலடியில் சிவப்புத் தண்ணீர் நெளிந்து நெளிந்து ஓடியது. "இது நம்ம பக்கம்!", "இல்ல, திரும்புது, திரும்புது, அந்தப் பக்கம்!", "குச்சி குடு, குச்சி குடு!" சுத்தமாக இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தனபால் மண்டியிட்டுக் குச்சியை அழுத்திக்கொண்டிருந்தார். யாருக்கு எந்தக் கட்சி என்பதே மறந்துபோயிற்று. நடுவில் ஒரு சமதளமான இடம். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. கன்னியம்மா குதிகாலால் கிழக்குப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு கோடு கிழித்தாள். பார்த்துவிட்ட தனபால் மேற்குப் பக்கம் ஒன்று கிழித்தார்.

"ரெண்டு பேரும் கால எடுங்க!" என்று கத்தினார் இன்ஜினியர். இருவரும் திருடர்கள் மாதிரி காலை எடுத்தார்கள். அந்த இடத்தில் அவரே ஒரு குச்சியை நட்டார். அதோடு வரிசை கூடிவிட்டது. நான் எண்ணினேன்: எழுபத்தொரு குச்சி.

கீழே பார்த்தோம். கால்வாய் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. சுண்ணாம்புக் கோட்டைக் காணோம். கால்வாய் தொடங்கும் தலைப்பிலிருந்து வந்த தண்ணீர் கொஞ்சம்தான். மேட்டின் சரிவு முழுவதும் நூறு வாய் திறந்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவைத் தோண்டினால் கால்வாயைத் தொடாமலேயே கால்வாயைக் கொன்றுவிடலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு தனபாலே சொன்னார்: "போன வாரம் வெட்டின பள்ளத்துக்கு இவ்ளோ தண்ணி வழி தெரிஞ்சு வராது சார். நான் சொன்னது தப்பு." பிறகு குச்சி வரிசையைக் காட்டினார். "அதான் கோடு வந்துடுச்சே. கெழக்குச் சரிவு அவங்களுக்கு. மேற்குச் சரிவுல நாங்க தோண்டிக்கறோம். மொதலாளிய நான் ஒத்துக்க வைக்கிறேன்."

ஊர் ஓவென்று கத்தியது. கன்னியம்மா இரண்டு கையையும் மேலே தூக்கி மழையில் சுற்றினாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. ரோடும் உண்டு, ஏரியும் உண்டு, கருத்தும் நாளைக்குள் போய்விடும்! மனசுக்குள் படத்தை வரைந்தே முடித்துவிட்டேன்.

அவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நின்றார்.

"இந்தப் பக்கம் போற தண்ணி யாருக்குப் போவுது?"

"அங்க முள்ளுக்காடு சார். இங்க யாரும் வந்து கேக்கலியே" என்றார் தனபால்.

"அதான் கேக்கறேன்."

கன்னியம்மா கைகளை இறக்கினாள். கிட்டே வந்தாள்.

"சார், உன்னக் கையெடுத்துக் கும்புடறேன். எங்க கால்வா பொழச்சிது. இதோட வுட்டுடு. நீ மேக்கையும் கேட்டா, பெரிய ஆபீசரு கோவத்துல ரெண்டுத்தையும் அவங்களுக்கே எழுதிக் குடுத்துடுவாரு."

"அப்பிடி நடந்தா என்ன நல்லாத் திட்டு."

"உன்னத் திட்டினா என் நெல்லு மொளைக்குமா?"

அவர் சட்டைப் பைக்குள் கை விட்டார். கடலை எல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது. "சார், அந்த அம்மா சொல்றது சரி" என்று நானும் சொன்னேன். என் முகத்தையும் பார்த்தார். பிறகு தண்ணீர் போன வழியே மேற்குச் சரிவில் இறங்கி ஓட ஆரம்பித்தார்.

நான் பின்னால் ஓடினேன். என் பின்னால் அவரைத் திட்டிக்கொண்டே கன்னியம்மா ஓடிவந்தாள். பிடித்து இழுத்துவரத்தான் வந்தாள். முள் கிழித்தது. தண்ணீர் ஒரு சின்ன ஓடையாகி, ஒரு குட்டையில் விழுந்து, குட்டையை ஒட்டி நாலைந்து துண்டுக் கழனிகளுக்குப் போயிற்று. தலையில் கோணிப்பையை மாட்டிக்கொண்டு ஒரு ஆள் தனியாக மம்முட்டியோடு நின்று, வருகிற தண்ணீரைக் கழனிக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இது எங்கேந்து வர்ற தண்ணி?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் இன்ஜினியர்.

"மேட்டுத் தண்ணி. இது ஒண்ணுதான் எங்களுக்கு. நீங்க யாரு, மழையில இங்க இன்னா பண்றீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கன்னியம்மா கத்தினாள். "யோவ், அங்க பாரு, வரப்பு ஒடையுது!" கத்திய வேகத்தில் கழனிக்குள் குதித்தாள். உடைப்பில் காலை வைத்து அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அள்ளி அப்பினாள். அந்த ஆள் மம்முட்டியோடு ஓடிவந்து மண் தள்ளினார். வரப்பு நின்றது. கன்னியம்மா முழங்கால் சேற்றில் நின்றபடியே அந்தக் கழனியைப் பார்த்தாள். அவளுடையதைவிடச் சின்னது.

"இந்த மேட்ட நோண்டப் போறாங்க. உனக்கு ஒருத்தனும் சொல்லலியா?" என்று கேட்டாள்.

"இல்லியே."

"நான் சொல்றேன். கேட்டுக்க" என்றாள்.

மறுநாள்தான் கடைசி நாள். மேட்டின் எந்தச் சரிவைத் தோண்டினாலும் பாசனத் தண்ணீர் பாதிக்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி மேசையைத் தட்டினார். "பாதியக் குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் சந்தோஷம். உங்களுக்கு மட்டும் என்னய்யா கஷ்டம்?" அப்போது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. வராந்தா நிறைய ஆட்கள். முன்னால் கன்னியம்மா, அவள் பக்கத்தில் அந்தக் கோணிப்பை ஆள், இப்போது வெள்ளைச் சட்டையில். உள்ளே விடச் சொன்னார் மேலதிகாரி. கிழக்கே எப்படித் தண்ணீர் ஓடுகிறது என்று அவள் சொல்லவே இல்லை. மேற்கே ஓடுவதைத்தான் சொன்னாள், ஓடையிலிருந்து வரப்பு வரைக்கும். மேலதிகாரி கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

குவாரிக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரளை தூரத்திலிருந்து வந்தது. ரோடு ஒரு வருஷம் தாமதம். அன்று வராந்தாவில் எல்லோரும் காண்ட்ராக்டரை ஏச ஆரம்பித்ததும் இவர், "அந்த மனுஷனுக்கும் இது நஷ்டந்தானே" என்று தொடங்கினார். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டு கூட்டத்தைக் கலைத்து அழைத்துப் போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு காலை, என்னையும் இழுத்துக்கொண்டு இன்ஜினியர் மேட்டுக்குப் போனார். ஏரி நிறைந்து, நடவு நடந்துகொண்டிருந்த சமயம். கன்னியம்மா மேட்டில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.

"சார், அது ஆதாரம்!" என்று பதறினேன்.

"இது இங்க இருந்தா, நாளைக்கு எவனாவது வந்து பாதி உனக்கு, பாதி எனக்குன்னு ஆரம்பிப்பான்."

கன்னியம்மா பிடுங்கியதை எல்லாம் அடுப்புக்கு ஆகும் என்று மடியில் கட்டிக்கொண்டாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். எழுபது ஆயிற்று. சமதளமான இடத்தில் அவர் கையால் நட்ட குச்சி மட்டும் மீதி. அவர் அதில் கை வைத்தார்.

"சார், சார், இரு!" என்று ஓடிவந்தாள் கன்னியம்மா. "வேர் புடிச்சிருக்கு. தளிர் வுட்டிருக்கு பாரு. இத்தப் புடுங்காத."

அவர் உட்கார்ந்து பார்த்தார். மூன்று இலை விட்டிருந்தது. எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"இருக்கட்டும். ஒரே ஒரு குச்சிய வெச்சிக்கினு எவனும் கோடு போட முடியாது."